நாளை ரேட்

உஷாராணிக்குக் கோபம் வந்தால் எடைமேடை நாற்பது கிலோ குறைத்துக் காட்டும். எருமப்பட்டி ரோட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரிக்காரன் ஈரச் சோளத்தைக் கொண்டுவந்து காய்ந்த சோளம் என்று சத்தியம் செய்தான். அவள் ஆபீஸ் வாசலுக்கு வந்து லாரியை ஒரு பார்வை பார்த்தாள். சோளத்திலிருந்த ஈரமெல்லாம் ஆவியாகிப் போய்விட்டது. மறுபடி எடை போட்டால் நாற்பது கிலோ கம்மி. லாரிக்காரன் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அந்தச் சீட்டு இன்னும் ஃபைலில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்டவளைப் பார்த்து, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, முட்டை அடுக்கும் பெண்கள் பதினெட்டுப் பேரும் லோடுமேன்கள் ஆறு பேரும் வழி தவறி உள்ளே வந்த ஒரு தபால்காரரும் கேட்கும்படி, "உண்ட ஊட்டுக்கு ரெண்டகம் பண்ணுனவளே!" என்று கத்தினார் சென்னிமலை.

சென்னிமலை கோழிப்பண்ணை முதலாளி. ஆறு ஷெட், எண்பதாயிரம் முட்டைக்கோழி, சொந்தத் தீவன மில். உஷாராணி அங்கே பத்தொன்பது வருஷமாக ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறவள். முதலாளிக்குச் சொந்தப் பேரன் பேத்திகள் எத்தனை பேர் என்பது மறந்துபோகலாம். மூன்றாம் ஷெட் கோழிக்கு இன்றைக்கு எத்தனை வாரம் வயசு என்பது உஷாராணிக்கு மறக்காது.

நடந்தது இதுதான். காலையில் ஆபீஸைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். தீவன ஷீட் திறக்கவில்லை. தடுப்பூசித் தேதிகள் திறக்கவில்லை. எல்லா ஃபைல் பேருக்கும் பின்னால் வாயில் நுழையாத ஒரு வால் முளைத்திருந்தது. கண்ணாடி அறையில் முதலாளியின் கம்ப்யூட்டரைப் பார்த்தால், திரை முழுக்கச் சிவப்பு. 'உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், மூன்று நாளைக்குள் பணம் கட்டினால் சாவி தருகிறோம்' என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாக எழுதியிருந்தது. அவள் முதல் வேலையாகச் சுவரிலிருந்து நெட் வயரைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் வயரோடு ஒரு சாண் சிமெண்ட்டும் வந்தது. மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பரவாமல் இருக்க முதலில் செய்ய வேண்டியது அதுதான். சிமெண்ட்டைப் பெயர்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்புறம் சர்வீஸ் யோகேஷுக்குப் போன் பண்ணினாள். அப்புறம் முதலாளிக்கு. முதலாளி வந்தார், கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார், உடனே வெளியே வந்து முற்றத்தில் நின்று கத்த ஆரம்பித்தார். வந்தவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இதை உஷாராணி கவனித்தாள். ஆனால் கோபம் கண்ணை மறைத்ததால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

"இவதான் எதையோ அமுக்கி உட்டிருக்கறா! எவனோ காசு குடுத்திருக்கறான், நம்ம தீவனக் கணக்கை வெளிய அனுப்பிட்டு, தடயந் தெரியாம இருக்க மெசினையே பூட்டி வெச்சுட்டா!"

"ஏனுங்க, நாக்குல நரம்பு இருக்குதுங்களா?" என்றாள் உஷாராணி.

"எதுத்துப் பேசாத! சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள நீயா ஒத்துக்கிட்டு வேலைய உட்டு நின்னுக்கோ. இல்லீன்னா மோகனூர்ல இருந்து சேந்தமங்கலம் வரைக்கும் ஒரு பண்ணையில உன்னய வேலைக்கு வெக்க மாட்டாங்க. நான் சொல்லி வெப்பேன்!"

சொன்னால் செய்வார். நாமக்கல் பக்கம் ஒரு ஆபீஸ்காரியின் மேல் 'தீவனக் கணக்கை வித்தவள்' என்று பேர் விழுந்துவிட்டால், அவள் அப்புறம் முட்டை வாங்கக்கூடக் கடைக்குப் போக முடியாது. ஐம்பத்தொரு வயசில், கடைசிப் பெண் தேவிப்ரியா காலேஜ் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போது, அந்தப் பேரைச் சுமந்துகொண்டு எந்தப் பண்ணைக்குப் போய் நிற்பது?

பூவாத்தாள் முட்டை அட்டையைக் கீழே வைத்தாள். முட்டை அடுக்குவதில் மூத்தவள். "ஏஞ் சாமி, நீ அமுக்கினயா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் உஷாராணியைச் சுட்டது. முதலாளி கத்தியது இல்லை. பத்தொன்பது வருஷம் ஒரே தூக்குப்போசியில் தயிர்சாதம் பங்கு போட்டவள் கேட்கிறாள், நீ அமுக்கினாயா என்று.

"நான் அமுக்குல" என்றாள். அவள் சொன்ன தொனியில், பூவாத்தாள் அட்டையிலிருந்த முப்பது முட்டையும் அரைவேக்காடு ஆகிவிட்டன. மத்தியானம் அதைத்தான் எல்லோரும் உப்புத் தூவிச் சாப்பிட்டார்கள்.

கோபத்துக்கு ஒரு பழைய கணக்கும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சேலத்தில், அஸ்தம்பட்டியில், ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. லீவு போட்டு, சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். மறுநாள் முதலாளியை உட்கார வைத்துச் சொன்னாள்:

"எக்செல் ஷீட்டுன்னா வெறுங் கட்டம்னு நெனைக்காதீங்க. அதுக்குள்ள மேக்ரோன்னு ஒன்னு இருக்கும். நாம சொல்லி வெச்ச வேலையத் தானாச் செய்யற ஆளு மாதிரி. நம்ம கோழி டாக்டர் பண்ணிக் குடுத்த தீவன ஷீட்டுல அப்படி ஒரு ஆளு இருக்கறான். சோளத்துல ஈரம் எவ்வளவு, புண்ணாக்குல சத்து எவ்வளவுன்னு போட்டுப் பொத்தானை அமுக்குனா, எந்த ஷெட்டுக்கு எத்தன கிலோன்னு கணக்குப் போட்டுக் குடுக்கறான். அது நம்ம ஆளு. அதே மாதிரி ஊர்பேர் தெரியாதவனும் ஒரு ஷீட்டுக்குள்ள ஆளை உக்கார வெச்சு அனுப்புவான். அவன் உள்ள பூந்தான்னா பீரோவைப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டுப் போயிருவான். ஆனா அவனாப் பூர முடியாதுங்க. மேல மஞ்சப் பட்டையில அனுமதிக்கவான்னு கேக்கும். அதை அமுக்குனாத்தான் கதவு தொறக்கும். கதவைத் தொறந்து உடறது நாமதான்."

"மஞ்சள் மங்களமான நெறந்தானே" என்றார் சென்னிமலை.

அவள் அதோடு விடவில்லை. தீவன ஷீட்டுக்குத் தனி ஃபோல்டர் போட்டு, அதற்கு மட்டும் மேக்ரோ ஓட அனுமதி வைத்து, மற்ற எதற்கும் ஓடாதபடி தன் கம்ப்யூட்டரில் செய்துகொண்டாள். முதலாளி தன் கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை; ஃபைல்களோ இரண்டுக்கும் பொது. 'வெளியிலிருந்து வந்த ஷீட்டில் மேக்ரோ கேட்டால் அமுக்காதே, அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேள்' என்று பெரிய எழுத்தில் எழுதி அவர் அறைக் கண்ணாடியில் ஒட்டினாள். மூன்றாம் நாள் அதன் மேல் ஒரு டயர் கம்பெனி காலண்டர் வந்து உட்கார்ந்தது.

பதினொரு மணிக்கு யோகேஷ் வந்தான். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. தூங்கி நாலு நாள் ஆன முகம்.

"ஏனுங்கக்கா, இங்கயும் எலி கடிச்சிருச்சுங்களா?"

"எந்த எலி?"

"வெள்ளிக்கெழமைல இருந்து ஒம்போது ஆபீஸ் பார்த்துட்டனுங்க. எல்லாத்துலயும் இதே செவப்புத் திரை. ஒருத்தர் எலி வயரைக் கடிச்சிருச்சுங்கறாரு. ஒருத்தர் இடி உளுந்துருச்சுங்கறாரு, ஆறு மாசமா இங்க மேகமே இல்ல. ஒரு பெரிய பண்ணைக்காரரு, கருங்கோழி உள்ள பூந்து கீபோர்டு மேல நடந்துருச்சுங்கறாரு."

"கருங்கோழி சரியா 'எனேபிள்' மேல காலை வெச்சுதாக்கும்?"

"அதானுங்க்கா நானுங் கேட்டேன். நல்ல வெவரமான கோழின்னு சொல்றாரு."

அவன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தோண்டினான். சென்னிமலை வாசலில் நின்றுகொண்டு, தொடையைத் தட்டிக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் ஏதோ அவசர வேலை இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதானுங்க" என்றான் யோகேஷ். "ஞாயித்துக்கெழம காத்தால ஆறு மணி பன்னண்டு நிமிசம். இந்த மெசின்ல, முதலாளி மெயில்ல வந்த ஒரு எக்செல் ஷீட். வீரபாகு அண்ணன் ஐடியில இருந்து வந்திருக்குது. பேரு 'நாளை ரேட்'."

அந்தப் பேரைக் கேட்டதும் உஷாராணிக்குப் புரிந்துவிட்டது. வீரபாகு முட்டை ஏஜெண்ட். நாமக்கல்லில் மறுநாள் முட்டை விலையை ஒருங்கிணைப்புக் குழு அறிவித்தால்தான் தெரியும். அதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே உள்ள எல்லா ஆண்களுக்கும் இருக்கிற வியாதி. நாளைக்கு இறங்கும் என்றால் இன்றைக்கே லோடு ஏற்றிவிடலாம். ஏறும் என்றால் ஒரு நாள் பிடித்து வைக்கலாம். நாளைய விலையைச் சொல்வதாக ஒரு கிளி ஜோசியக்காரன் வந்தபோது, திருச்செங்கோட்டு மலைப்படி வரைக்கும் வரிசை நின்றது. கிளி மூன்று நாள் சரியாகச் சொன்னது. நாலாம் நாள் அதுவே இரண்டு லோடு முட்டை வாங்கிப் போட்டு நஷ்டமாகி ஊரை விட்டுப் போனது. அந்த மாதிரி ஊரில், 'நாளை ரேட்' என்று பேர் வைத்து ஒரு ஃபைலை அனுப்பியவன் திருடனாக இருக்கலாம், முட்டாள் இல்லை.

"இது சும்மாத் தொறந்தா ஓடாதுங்க" என்று யோகேஷ் தொடர்ந்தான். "இப்பெல்லாம் மெயில்ல வந்த மேக்ரோவை எக்செல்லே தடுத்துரும். செவப்புப் பட்டை காட்டி, முடியாதுன்னு சொல்லிரும். அதனால உள்ள ஒரு மங்கலான படம் வெச்சு, 'வெலை தெரியோணும்னா இப்படிப் பண்ணுங்க'ன்னு அஞ்சு படி எழுதியிருக்கறானுங்க. ஃபைலை மூடு, ரைட் கிளிக் பண்ணு, ப்ராப்பர்டீஸ் போ, அன்பிளாக்குல டிக் அடி, மறுபடி தொறந்து மஞ்சளை அமுக்கு. யாரோ பொறுமையா அஞ்சு படியும் ஏறியிருக்காங்க."

உஷாராணி சென்னிமலையைப் பார்த்தாள். போன் ரிங்டோன் மாற்றவே அவளைக் கூப்பிடுகிற மனுஷன்.

"ஞாயித்துக்கெழம காத்தால நான் ஆட்டையாம்பட்டியில எங்க நாத்தனா பேரனுக்குக் காது குத்துல இருந்தனுங்க" என்றாள்.

"ஆபீஸ் சாவி உன்னுட்டயும் இருக்குதல்லோ!"

"எறநூறு பேரு பார்த்தாங்க!"

"உன்ற சொந்தக்காரங்க உனக்குத்தானே சாட்சி சொல்லுவாங்க!"

"அப்ப நான் ஆட்டையாம்பட்டியில பந்தி பரிமாறிக்கிட்டே, நடுவுல பறந்து வந்து உங்க மெசினை அமுக்கிட்டு, பாயாசம் ஆறறதுக்குள்ள திரும்பிப் போனனாக்கும்?"

"உன்ற ஸ்கூட்டி வேகம் எனக்குத் தெரியாதா?"

யோகேஷ் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி, தன் முகத்தில் எதுவும் தெரியாமல் வைத்துக்கொண்டான். ஒன்பது ஆபீஸில் பழகிய முகம் அது. "ஃபைல் வேற காப்பி இருக்குதுங்களாக்கா? இல்லீன்னா தீவன ஷீட் போனது போனதுதான். பணங் கட்டுனாலும் சாவி குடுப்பான்னு நிச்சயமில்ல. கட்டவே கூடாது."

இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லா ஃபைலையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, வயரைக் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பாள். மெஷினோடு சொருகியே வைத்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

அதைக் கொண்டுவர வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஒரு நாள் தப்பினால் நாலாம் ஷெட்டில் ஓடில்லாத தோல் முட்டை விழும். விழட்டுமே. ஆனால் கோழி என்ன பாவம் பண்ணியது? பூட்டிவைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவன் ஊருக்கு ஒருத்தன் போதும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எருமப்பட்டி போய், டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்து யோகேஷ் முன்னால் வைத்தாள்.

"மெசினைச் சுத்தம் பண்ணாமச் சொருகக் கூடாதுங்க்கா. சாயந்தரம் ஆகும்" என்றான் அவன். "ஆனா தப்பிச்சோம். ஒம்போது ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் இது இல்ல."

சென்னிமலை டிஸ்க்கைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒரு நொடி கழித்து, மலர்ந்த முகத்தில் வேறொரு யோசனை வந்து உட்கார்ந்தது.

"பாத்தியா! பாத்தியா! ஊட்டுல காப்பி வெச்சிருக்கறா! பூட்டப் போறான்னு முன்னாடியே தெரியாம எவளாச்சும் காப்பி எடுத்து வெப்பாளா? இதுதாஞ் சாட்சி!"

இதற்கு மேல் உஷாராணி பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த மௌனத்துக்குத்தான் பயப்படுவார்கள். மில்லில் மிக்சர் தானாக நின்றது. ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றியது. ஆபீஸ் சுவரில் இருந்த பல்லி, வாலை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டது.

மூன்று மணிக்கு வீரபாகு வந்தார். வந்தார் என்பதைவிட வெடித்தார் என்பது சரி. காரை முட்டை ட்ரே அடுக்கின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினார்.

"ஏய்யா சென்னிமலை! என்னய்யா இது, உன்ற ஐடியில இருந்து எனக்கே 'நாளை ரேட்'டுன்னு மெயில் வருது? எனக்கே வெலை சொல்றயா நீயி?"

"நானா அனுப்புனேன்? நீ அனுப்புனது! உன்ற ஐடியில இருந்து வந்தது!"

"எங்க ஆபீஸ் மெசின் வெள்ளிக்கெழமையே சர்வீசுக்குப் போயிருச்சு. எலி கடிச்சிருச்சு!"

யோகேஷ் நிமிர்ந்து பார்த்தான். வீரபாகு வேறு பக்கம் பார்த்தார்.

"எலியாம் எலி!" சென்னிமலைக்கு ரத்தம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அடக்கிவைத்த கோபம் ஒன்று அவருக்குள்ளேயும் இருந்தது. அது மெஷின் போன கோபம் இல்லை. "உன்னய நம்புனம் பாரு! பதினஞ்சு வருசப் பழக்கம்! பெரிய ரகசியமா அனுப்பறாப்புல அனுப்பிட்டு!"

அப்போதுதான் உஷாராணி வாய் திறந்தாள். திட்டமெல்லாம் போடவில்லை. அவளும் நாமக்கல்காரிதான். காலையிலிருந்து அவளுக்கும் அது அரித்துக்கொண்டிருந்தது. சாதாரணமாகக் கேட்டாள்:

"அதுல என்ன ரேட்டுங்க போட்டிருந்துச்சு?"

"என்ன போட்டிருந்துச்சா? ஒரு மண்ணும் போடுல!" சென்னிமலை மேஜையை அறைந்தார். "அஞ்சு படி ஏற வெச்சான்! கண்ணாடியப் போட்டுக்கிட்டு, டிக் அடி, மூடு, தொறன்னு முக்கா மணி நேரம்! கடைசில மஞ்சளை அமுக்குனா வெறுங் கட்டம்! ஒரு நம்பர் இல்ல! அஞ்சு ரூவான்னாச்சும் போட்டிருக்கலாமல்ல? ஒரு மனுசன ஏமாத்தறதுக்குக்கூட ஒரு நேர்ம வேண்டாமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதுக்கே போனது.

எண்பதாயிரம் கோழியும் ஒரே சமயத்தில் கொக்கரிப்பதை நிறுத்தின. ஆறாம் ஷெட்டில் ஒரு கோழி பாதி போட்ட முட்டையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டது. வாசலில் பூவாத்தாளும் மற்ற பதினேழு பேரும் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"சரி சரி" என்றார் சென்னிமலை. தொண்டையைச் செருமினார். "என்னமோ ஆயிப்போச்சு. உடு. எல்லாரும் வேலையப் பாருங்க. உஷா, நீயும் மறந்துரு."

"மறந்துரட்டுங்களா?" என்றாள் உஷாராணி.

அவள் குரல் உயரவில்லை. ஆனால் வீரபாகு இரண்டு அடி பின்னால் போனார்.

"காத்தால ரெண்டகக்காரின்னீங்க. மத்தியானம் காப்பி எடுத்ததே குத்தம்னீங்க. என்ற பொண்ணுக்கு நாளைக்கு யாராச்சும் போன் பண்ணி, உங்கம்மா பண்ணைக் கணக்கை வித்துருச்சாமேன்னு கேக்கறதுக்குள்ள நான் இதைத் தொடைக்கோணும். நீங்க மறந்துருங்கறீங்க. எதை மறக்கட்டுங்க? நாப்பது தடவ சொன்னனே, அதையா? கண்ணாடியில ஒட்டுனதுக்கு மேல காலண்டரை மாட்டுனீங்களே, அதையா?"

சென்னிமலை பதில் யோசிப்பதற்குள் அவர் போன் அடித்தது. பரமத்தியிலிருந்து சம்பந்தி. பெண் கொடுத்த இடம். பதற்றத்தில் விரல் தவறி ஸ்பீக்கரில் விழுந்தது.

"சம்பந்தி, நல்லாருக்கீங்களா? நேத்து ஒரு ஷீட் அனுப்பியிருக்கீங்களே, 'நாளை ரேட்'டுன்னு. ரொம்ப உபகாரமுங்க. ப்ராப்பர்டீஸ் வரைக்கும் வந்துட்டேன். இந்த அன்பிளாக் டிக்கு எந்தப் பக்கம் இருக்குதுங்க?"

"அடிக்காதீங்க!" என்று உஷாராணியும் யோகேஷும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அடிக்காதீங்க சம்பந்தி" என்றார் சென்னிமலை. "அது வந்து... எங்க ஆபீஸ் பொண்ணு தப்பா..."

உஷாராணி போனைப் பார்த்து மட்டும் சொன்னாள். "நான் அனுப்பலீங்க. முதலாளியே சொல்லுவாருங்க."

போனுக்கு அந்தப் பக்கம் சம்பந்தி மூச்சுவிடுவது கேட்டது. இந்தப் பக்கம் பதினெட்டுப் பேர் மூச்சுவிடாமல் இருப்பது கேட்டது. சென்னிமலைக்குத் தன் கல்யாணத்தில் தாலி கட்டியபோதுகூட அவ்வளவு வேர்க்கவில்லை.

"நாந்தான் அமுக்குனனுங்க சம்பந்தி. அதுல வெலையெல்லாம் ஒன்னுமில்ல. மெசினைப் பூட்டிக்கும். அங்கிருந்து தானா எல்லாருக்கும் என்ற பேருல போயிருக்குது. மூடிருங்க. அழிச்சிருங்க."

"ஓ" என்றார் சம்பந்தி. அப்புறம், "நல்ல வேளை, நான் சும்மா என்னன்னு பாக்கத்தான் தொறந்தேன்" என்றார்.

"நானும் அப்படித்தானுங்க."

யோகேஷ் நோட்டில் ஒரு பட்டியல் எழுதி முடித்திருந்தான். முதலாளி பேரில் அந்த ஃபைல் போன இடங்கள் நாற்பத்து மூன்று. பண்ணைக்காரர்கள், சோள வியாபாரிகள், மருந்துக் கம்பெனி, குமாரபாளையத்தில் ஒரு துணிக்கடை, கோயில் கமிட்டி.

"நீயே எல்லாருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிரு உஷா" என்றார் சென்னிமலை. குரல் தணிந்திருந்தது.

"போனது யாரு பேருலங்க?"

அவர் பட்டியலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"மெயில்ல சொன்னா நம்ப மாட்டாங்க, நம்பவுங் கூடாது. அதுதான் நமக்கு வந்த வெனையே. அவங்க உங்க கொரலைக் கேக்கோணும்."

வீரபாகு மெதுவாகக் காரை நோக்கி நகர்ந்தார். பூவாத்தாள் குறுக்கே நின்றாள். "ஏனுங்கண்ணா, உங்க ஐடியில இருந்து எத்தன பேருக்குப் போச்சுங்க? உக்காருங்க, உங்களுக்கும் ஒரு பட்டியல் போடச் சொல்றேன்." வீரபாகு உட்கார்ந்தார்.

இரண்டாவது போனில் சென்னிமலை, "மெசின்ல ஏதோ கோளாறு" என்றார். உஷாராணி விரலை நீட்டி இணைப்பைத் துண்டித்து, மறுபடி அதே நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். நாலாவது போனில், "எங்க ஆபீஸ்ல யாரோ" என்றார். மறுபடி துண்டித்தாள். ஏழாவது போனிலிருந்து சரியாகச் சொல்ல ஆரம்பித்தார். "நாந்தான் அமுக்குனேன். நீங்க அமுக்காதீங்க." அந்த ஒரே வாக்கியம்.

பதினைந்தாவது ஆள் எழுந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "எங்கூட்டுலயுமுங்க" என்றார். "எலின்னு சொல்லி வெச்சிருக்கேன்." இருபத்தி இரண்டாவது ஆள் அழுதார். அவருக்கு முன்னாலேயே வேறொருவர் பேரில் வந்து, வெள்ளிக்கிழமை பணமும் கட்டிவிட்டாராம், சாவி வரவில்லையாம், யாரிடமும் சொல்ல முடியவில்லையாம். யோகேஷ் போனை வாங்கி, சைபர் கிரைமில் எப்படிப் புகார் கொடுப்பது என்று நிதானமாகச் சொன்னான். முப்பதாவது ஆள் கோயில் கமிட்டித் தலைவர். அவர், "கமிட்டிக்கு எதுக்குய்யா முட்டை வெலை?" என்று கேட்டு ஒரு பத்து நிமிஷம் திட்டினார். சென்னிமலை எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். அதற்குள் அவர் குரல் தேய்ந்து, வாத்துக் குரல் ஆகியிருந்தது. ஐந்தாம் ஷெட்டில் இரண்டு கோழி அதைக் கேட்டு நீந்த இடம் தேடியதாக லோடுமேன் ஒருவன் சொன்னான். அவன் குடிக்கிறவன் இல்லை.

உஷாராணி பேனாவும் நோட்டுமாகப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு பேராக அடித்தாள். பேனா முனை இரண்டு பக்கத்துக்குக் கீழே வரைக்கும் பதிந்தது.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாற்பத்து மூன்றும் முடிந்தது.

"போதுமா?" என்றார்.

"இன்னும் ஒருத்தர் பாக்கிங்க."

"யாரு?"

அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பட்டியலின் அடியில், நாற்பத்து நாலாவதாக அவள் பேரே இருந்தது.

சென்னிமலை அதை வெகுநேரம் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழக்கமில்லை. போனை எடுத்து, நம்பரைத் தேடி அமுக்கினார். மூன்றடி தள்ளி உஷாராணியின் போன் அடித்தது. அவள் நிதானமாக எடுத்தாள்.

"அலோ, யாருங்க?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"சென்னிமலை. அது... ஞாயித்துக்கெழம அந்த ஷீட்டை... நாந்தான் அமுக்குனேன். நீ இல்ல."

"கேக்கலீங்க."

"நாந்தான் அமுக்குனேங்கறேன்!"

"இங்க சிக்னல் இல்லீங்க. வெளிய போய்ப் பேசுங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எழுந்தார். போனைக் காதில் வைத்தபடியே கண்ணாடி அறையைத் தாண்டி, ஆபீஸைத் தாண்டி, முற்றத்துக்கு இறங்கினார். பெண்கள் வேலை முடிந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சென்னிமலை வானத்தைப் பார்த்து, மிச்சமிருந்த குரலையெல்லாம் ஒன்றுதிரட்டிக் கத்தினார்:

"நாந்தான் அமுக்குனேன்! உஷாராணி அமுக்குல! உஷாராணி எவனுக்கும் எதையும் விக்குல! நாந்தான், நாளைக்கு வெலை என்னன்னு பாக்க ஆசப்பட்டு அமுக்குனேன்!" பிறகு போனில், "இப்பக் கேட்டுதா?"

"எனக்குக் கேட்டுதுங்க" என்றாள் உஷாராணி.

குழாயடியில் பூவாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்களுக்குச் சரியாக் கேக்கலீங்க முதலாளி. இன்னொருக்காச் சொல்லுங்க."

சென்னிமலை போனை இறக்கினார். பெருமூச்சு விட்டார். இன்னொருக்காச் சொன்னார்.